மொட்டை மாடியின் மறுபாதி

ஏப்ரல் 6, 2025, ஞாயிறு. ராயக்கோட்டை

நைட் ஷிப்ட் வாரம் முடிந்தது. ஆறு நாளில் நான்கு நாள் பகலில் கரண்ட் இல்லை. ஓசூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து எட்டரைக்குப் படுத்தால் பத்து மணிக்கு ஃபேன் நிற்கிறது. அப்புறம் எங்கே தூங்குவது? வியாழக்கிழமை மெஷினின் பேனல் போர்டைத் திறந்து வைத்து நின்றபடியே கண் சொக்கிவிட்டது. உள்ளே 415 வோல்ட். லைன் இன்சார்ஜ் மூர்த்தி தோளைப் பிடித்து இழுத்தார். "முனீர், வீட்டுல தூங்கிட்டு வாய்யா" என்றார். அவ்வளவுதான்.

பதினெட்டு வருஷமாக மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன். ஒரு வீட்டுக்கு சோலார் போட எனக்குத் தெரியாதா? ஆள் வைக்கப் போவதில்லை. நானே செய்கிறேன்.

ஏப்ரல் 8

மனைவி இரமை உட்கார வைத்து லோடு பட்டியல் எழுதினேன். நான்கு ஃபேன், விளக்குகள், ஃபிரிட்ஜ், மிக்ஸி, அவளுடைய தையல் மிஷின், ஒரு ஹெச்.பி. தண்ணீர் மோட்டார்.

"ஃபேனும் லைட்டும் ஓடினா போதாதுங்களா?"

"இல்ல. முழு வீடும் ஓடணும்."

"முழு வீடுன்னா எது வரைக்கும்?"

மோட்டாருக்குக் கீழே கோடு போட்டேன். அவள் கேட்டது புரியாமல் இல்லை. அத்தா கட்டிய வீடு இது. அவர் போன பிறகு நடுவில் சுவர் வைத்துவிட்டோம். கிழக்குப் பாதி எனக்கு, மேற்குப் பாதி தம்பி காலித்துக்கு. வாசல் தனி, மீட்டர் தனி. மூன்று வருஷமாகப் பேச்சும் இல்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

நாள் முழுக்க மாடியில். மணிக்கு ஒருமுறை சாக்பீஸால் நிழலின் ஓரத்தைக் கோடு போட்டேன். பக்கத்து மூன்று மாடிக் கட்டடத்தின் நிழல் பத்தரை வரை என் பாதியை விட்டு நகரவில்லை. இரண்டரைக்கு மேல் தண்ணீர்த் தொட்டியின் நிழல். நடுவில் நான்கு மணி நேரம்தான் வெயில். ஆறு பேனல் போட்டாலும் பாதிதான் தேறும்.

இடுப்பளவுக் கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம், காலித்தின் பாதி. ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் வரை பளீரென்று வெயில். அங்கே காய்வது அவன் மனைவி அஸ்மத் போட்ட மிளகாய் மட்டும்.

ஏப்ரல் 14

"ஒரு வார்த்தை கேட்டுத்தான் பாருங்களேன்" என்கிறாள் இரம்.

மாட்டேன். அத்தாவுக்கு நெஞ்சு வலி வந்தது ஒரு மத்தியானம். நான் ஷிப்டில் இருந்தேன். செல்போனை கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆனால் ஆபீஸ் நம்பரை வீட்டுக் காலண்டரில் பெரிதாக எழுதி வைத்திருந்தேன். கூப்பிட்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் வந்திருப்பேன். காலித் கூப்பிடவில்லை. ஆறு மணிக்கு வந்து இறங்கினால் வாசலில் கூட்டம். எல்லாம் முடிந்திருந்தது.

ஏன்டா கூப்பிடல என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அதற்கப்புறம் நானும் பேசவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

வழி கிடைத்துவிட்டது. எட்டடி உயரத்தில் இரும்பு ஸ்டாண்டு. நிழலுக்கு மேலே ஏறிவிட்டால் இன்னும் ஒன்றரை மணி நேரமாவது வெயில் கிடைக்கும். வெல்டிங் பட்டறை திம்மராயன் அளவைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இவ்ளோ உசரம் வேணாம் பாய். காத்து புடிக்கும்."

அடியில் கான்கிரீட் போட்டுவிடுவேன் என்றேன்.

மே 4, ஞாயிறு

ஸ்டாண்டு நிறுத்தி இரண்டு பேனல் மாட்டியாயிற்று. கான்கிரீட் அடுத்த ஞாயிறு. அதுவரை நான்கு காலுக்கும் மணல் மூட்டை.

கைப்பிடிச் சுவர் ஓரமாகக் காலித் ஒரு நிமிஷம் நின்று பார்த்தான். நான் திரும்பவில்லை.

மே 6, செவ்வாய்

காலையில் பஸ்ஸுக்கு எழ வேண்டும். இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

பகல் ஷிப்ட் முடித்து வந்தால் ஊரே நனைந்து கிடக்கிறது. ரோட்டில் கிளைகள். நேராக மாடிக்கு ஓடினேன். ஸ்டாண்டின் ஒரு கால் முறுக்கிக்கொண்டு கிடந்தது. ஆனால் பேனல் இரண்டும் உடையவில்லை. மொத்தத்தையும் சாய்த்து, தொட்டியின் தூணோடு கட்டியிருந்தது. மஞ்சள் நைலான் கயிறு. மண்டியில் தக்காளிக் கிரேட்டு கட்டுகிற கயிறு. தக்காளி மண்டியில் வியாபாரம் பண்ணுகிறவன் எங்கள் வீட்டில் ஒருவன்தான்.

"உங்க தம்பிதாங்க" என்றாள் இரம். அவள் தலையும் ஈரமாக இருந்தது. "மூணு மணிக்குக் காத்து தூக்கிருச்சு. ரோட்டுப் பக்கம் சாயுது. நான் கத்தறதுக்குள்ள சுவரேறிக் குதிச்சு வந்தாரு. முக்கா மணி நேரம் அதைப் புடிச்சுக்கினே நின்னாரு. என்னைக் கிட்டவே விடல. 'அண்ணி, இரும்புல கை வைக்காதீங்க, கீழ போயிருங்க'ன்னாரு."

"இடி இடிச்சுதா?"

"இடிச்சுது."

இடிக்கிறபோது மொட்டை மாடியில் எட்டடி இரும்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு! எதைப் பிடித்து நிற்கிறோம் என்று தெரிந்துதான் இவளைக் கீழே அனுப்பியிருக்கிறான்... மடையன். நான் என்ன? நான்தானே கான்கிரீட் இல்லாமல் நிறுத்தியது.

மே 7

காலையில் போனேன். இந்த வாசலிலிருந்து அந்த வாசலுக்குப் பன்னிரண்டு அடி இருக்கும். காலித் உள்ளங்கையில் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அஸ்மத் நாற்காலியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"கை என்னாச்சு?"

"ஸ்டாண்டு ஆங்கிள் கிழிச்சிருச்சு. நாலு தையல்."

என்ன சொல்ல வந்தேனோ அது வரவில்லை. பழைய கேள்விதான் வாயில் வந்தது. "அன்னிக்கு ஏன்டா என்னைக் கூப்பிடல?"

மறுபடியும் தலையைக் குனிந்துகொள்வான் என்றுதான் நினைத்தேன்.

"அத்தாதான் வேணாம்னாரு. போனை எடுத்தேன், கையப் புடிச்சுக்கினாரு. 'அவன் கரண்டுல வேல பாக்கறவன். பதட்டத்துல கைய எங்கயாவது வெச்சுருவான். ஷிப்ட் முடிஞ்சு வரட்டும்'னாரு. சரியாயிரும்னு நெனச்சேண்ணா. பத்து நிமிஷத்துல போயிட்டாரு."

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்லடா?"

"சொன்னா அத்தா மேல வருத்தப்படுவே. போனவரு மேல எதுக்கு? எம்மேலயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

மூன்று வருஷம். நான் என்ன மனுஷன்?

அஸ்மத் டீ கொண்டுவந்தாள். குடித்தேன். பஸ் போய்விட்டது. லீவு சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

மே 8

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. நன்றாகத் தூங்கினேன்.

மே 11, ஞாயிறு

புதுப் படம் வரைந்தேன். ஆறு பேனலும் காலித்தின் பாதியில், ஒன்றரை அடி உயரத்தில், தெற்கே சாய்த்து. இன்வெர்ட்டரும் பேட்டரியும் என் பக்கம். அவன் மீட்டரும் என் மீட்டரும் எங்கேயும் கலக்கக் கூடாது, நியூட்ரல் ஒயர் உட்பட. அதனால் லைன் கரண்டுக்கும் இன்வெர்ட்டருக்கும் மாற்றிக்கொள்ள வீட்டுக்கொரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச். பட்டியலில் அவன் ஃபிரிட்ஜ், மூன்று ஃபேன், மோட்டாரைச் சேர்த்தேன். பேட்டரி ஒன்று போதாது, இரண்டு வேண்டும். இரண்டாவது தன்னுடையது என்று காலித் முந்திக்கொண்டு சொன்னான்.

மே 18

கான்கிரீட் போட்டாயிற்று. தையல் பிரிக்காத கையோடு ஜல்லி தூக்க வந்தான். திட்டி உட்கார வைத்தேன்.

மே 25, ஞாயிறு

எர்த் குழி, இடிதாங்கி, எல்லாம் முடிந்தது. பதினொரு மணிக்கு மெயின் சுவிட்சை இறக்கிப் பார்த்தோம். இரண்டு வீட்டிலும் ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. அஸ்மத் அந்தப் பக்கத்திலிருந்து, "அக்கா, கரண்டு போச்சா இல்லியா, ஒண்ணும் தெரியலியே!" என்று கேட்டாள்.

ஜூன் 8, ஞாயிறு

நேற்று பக்ரீத். இன்று காலை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துத் தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. நான்கு வீட்டுக் கறி எங்கள் இரண்டு ஃபிரிட்ஜில் பெயர் எழுதிய பைகளில் இருக்கிறது.

பத்தரை மணிக்கு இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தி நின்றுவிட்டது. ஓவர்லோடு. சுவருக்கு அந்தப் பக்கம் காலித்தின் குரல்.

"அண்ணா, மோட்டார் போட்டியா?"

"போட்டேன். நீ?"

"நானும்தான் போட்டேன்!"

இரம் சிரித்தாள். அங்கே அஸ்மத்தும் சிரிப்பது கேட்டது.

இரண்டு மோட்டார் சேர்ந்து ஸ்டார்ட் ஆனால் தாங்காது. தடுக்க ஒரு டைமர் மாட்டிவிடலாம், பத்து நிமிஷ வேலை. காலித்திடம் சொன்னேன். "அதெல்லாம் எதுக்குண்ணா? போடறதுக்கு முன்னாடி ஒரு குரல் குடுத்தா ஆச்சு" என்றான்.

சரி என்றேன். டைமர் வாங்கவில்லை.