பக்கக் கதவடியில் பிள்ளைகள்

திருகோணமலை,
ஞாயிறு மாலை

அன்பின் மனைவிக்கு,

மட்டக்களப்பில் நீரும் மகளும் சுகமென்று நம்புகிறேன். இங்கே துறைமுகத்தில் கப்பல் ஊதினாலும் திடுக்கிடுகிறேன்.

இன்று ஆராதனை முடிவில் வழமைபோல அறிவித்தல்கள் வாசித்தேன். உயிர்த்த ஞாயிறன்று விடியற்காலை ஆராதனை, பிறகு எல்லோருக்கும் காலைச் சாப்பாடு. அன்றைக்குக் கோயிலில் குண்டு வெடிக்கும் என்று வியாழக்கிழமை வாசலில் கிடந்த மிரட்டல் கடிதத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. அதைப் பொலிசில் கொடுத்துவிட்டேன்.

ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் இம்முறை பக்கக் கதவடியில் இருக்கட்டும் என்றேன்.

"ஏன் ஐயா, பிள்ளையள் எப்பவும் முன்னுக்குத்தானே இருக்கிறவை?" என்று செல்வமலர் அக்கா கேட்டார்.

"அங்கதான் காத்து வரும், அக்கா."

வேதாகமத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எல்லோரும் குடும்பத்தோடு தவறாமல் வாருங்கள்" என்று முடித்தேன்.

நீரும் மகளும் உயிர்த்த ஞாயிறுக்கு இங்கே வருவதாக இருந்தீர்கள். வரவேண்டாம். வாசித்ததும் இதைக் கிழித்துவிடும்.

உம்முடைய கணவன்