டம்ளர் தண்ணீரும் டிரில் மெஷினும்

என் பிடிவாதக்கார மகளே,

நீ பிடுங்கிக்கொண்டு போன கைடிரில்லை நீயே வைத்துக்கொள். நான் பெஞ்ச் டிரில் வாங்கிவிட்டேன். பட்டறை மேசையோடு போல்ட் போட்டு முடுக்கியாயிற்று. இனி யாரும் பையில் போட்டுக்கொண்டு போக முடியாது.

கடைக்காரர் முதலில் சின்னதாக ஒன்றைக் காட்டி, "வீட்டுக்கு இது போதும்மா" என்றார். அதன் தலையைப் பிடித்து அசைத்தேன். தூணே ஆடியது.

"ஆடாததா காட்டுங்க."

இரண்டு பேர் தூக்கும் கனத்தில் ஒன்றைக் காட்டினார். எனக்குக் குடிக்கக் கொடுத்த தண்ணீரை டம்ளரோடு கொண்டுபோய் அதன் தட்டில் வைத்து, மெஷினை ஓடவிட்டேன். தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"வர்ற வழியிலயே பாதி சிந்திடுச்சேம்மா" என்றார்.

"தளும்பத் தளும்ப ஊத்திக் குடுத்தது யாரு?" என்றேன். மனிதர் பில் புத்தகத்தை எடுத்தார்.

என் கையைப் பற்றி டாக்டர் சொன்னதை மறுபடியும் எழுதாதே. என் காதிலும் விழுந்தது. இந்த மெஷினில் மரத்தை வைஸ் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது, நேராக இறங்குவதைத் தூண் பார்த்துக்கொள்கிறது. நான் கைப்பிடியை இழுத்தால் போதும்.

கடையில் தொட்டில் வாங்கப் போவதாக மாப்பிள்ளை சொன்னார். வாங்கினால் அதில் நீங்கள் இரண்டு பேரும் படுத்துக்கொள்ளுங்கள். பிறக்கப்போகிற பிள்ளை நான் செய்யும் தொட்டிலில்தான் தூங்கும்.

தொட்டில் சட்டத்தில் ஒரு துண்டை இத்துடன் அனுப்புகிறேன். நேற்று துளை போட்டது. ஒரு பக்கம் கண்ணை வைத்தால், மறுபக்கம் வெளிச்சம் முழு வட்டமாகத் தெரியும்.

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று ஆரம்பிக்காதே. துளையைப் பார்.

தொட்டில் முடியும்வரை யார் சொல்லையும் கேட்காத,
உன் அம்மா