கோப்பியின் சனிக்கிழமைச் சாதம்

ஜூலை 7, திங்கள்
காலையிலேயே புகைமூட்டம். துணியை உள்ளேயே காயப்போட்டேன். லீவு போட்டு எங்கள் நாய் கோப்பியை மிருக கிளினிக்குக் கூட்டிப்போனோம். இடது பின்னங்காலை இன்னும் ஊன்றவில்லை. மூன்று காலில்தான் நொண்டல்.

டாக்டர் மறுபடி சொன்னது: முட்டியில் தசைநார் கிழிந்திருக்கிறது. சின்ன உடம்பு, எடை இறங்கினால் ஆபரேஷன் இல்லாமலே ஆறலாம். இறங்காவிட்டால் ஆகஸ்டு கடைசியில் கத்திதான்.

தராசில் ஏற்றினால் போன வாரத்தைவிடக் கூட. கிச்சன் தராசில் நிறுத்து நிறுத்துப் போடுகிறேன், எப்படிக் கூடும்? நர்ஸ் ஷாமினி, "அக்கா, யாரோ சொல்லாம குடுக்குறாங்க லா" என்றாள். நான் என் வீட்டுக்காரர் ரவியைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த பூனைப் படத்தைப் பார்த்தார்.

காரில் விசாரணை. "ரொட்டி சானாய் ஓரம் மட்டும்தான்டி. அதுவும் போன மாசமே நிப்பாட்டிட்டேன்." வட்டப் பரோட்டா அது, ரொட்டி சானாய்க்கு ஏது ஓரம்? நம்பவில்லை. ராத்திரி அவருக்கு டீ போட்டுக் கொடுக்கவில்லை.

ஜூலை 12, சனி
கண்டுபிடித்துவிட்டேன்.

அரை நாள் வேலை, சீக்கிரமே முடிந்தது. வீட்டுக்குள் வந்தால் கோப்பி மீசை முழுக்க எள். நல்லெண்ணெய் வாசம் வேறு. பின்கதவுக்கு ஓடினேன். பின்சந்தில், கிரில் கம்பிக்கு வெளியே, பின்வரிசை வீட்டு புஷ்பா ஆன்டி வாழையிலையை மடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு ஆன்டிகள், கையில் தயிர்ச்சாதம். என் நாய்க்கு வரிசை நிற்கிறார்கள்.

"சனிக்கிழமை கறுப்பு நாய்க்குப் போட்டா சனி தோஷம் கொறையும்னு ஐயரு சொன்னாரு மா. இந்தச் சந்துல கறுப்பா இருக்கறது இவன் ஒருத்தன்தான்."

அப்புறம் சொன்னாரே ஒன்று: "பாவம், கால் நொண்டுறான். அது சரியாவணும்னு வேண்டிக்கிட்டு ரெண்டு கை கூடவே போடுறேன்."

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். ரவிக்கு நுரை பொங்க ஆற்றி தே தாரிக் டீ போட்டுக் கொடுத்தேன். அவர் இரண்டாவது கிளாசும் கேட்டார்.

ஜூலை 13, ஞாயிறு
பாசாரில் மீன், வெண்டைக்காய், சுரைக்காய். திரும்பி வந்ததும் புஷ்பா ஆன்டி வீட்டுக்குப் போனேன். பேச வேண்டியதை எல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன்.

மகன் தினேசுக்கு ஜோகூரில் வேலை போய்விட்டதாம். ஏழரைச் சனியாம். போன் அடித்தால் எடுப்பதில்லை. "இங்கேருந்து நான் வேற என்னம்மா செய்ய முடியும் அவனுக்கு?" என்றார். அவர் கொடுத்த கேசரியைத் தின்றுவிட்டு, போன விஷயத்தைச் சொல்லாமலே வந்தேன். என்மேல் எனக்கே கோபம்.

ஜூலை 15, செவ்வாய்
ஷாமினிக்கு போன். "நிப்பாட்டச் சொல்லாதீங்க அக்கா, வேற ஏதாவது செய்யச் சொல்லுங்க. கயித்தோட மெதுவா, கொஞ்ச தூரம் நடக்க வைக்கலாம். ஓட மட்டும் விடாதீங்க."

சாயங்காலம் மறுபடி போய் உள்ளதைச் சொல்லிவிட்டேன். எடை இறங்கவில்லை என்றால் காலில் கத்தி வைக்க வேண்டும் என்று. ஆன்டி முகம் வெளுத்துப்போனது. "நான் போட்ட சோறா?" உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன். கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "சோறு காக்காய்க்குப் போட்டுக்கறேன். அதுவும் சனீஸ்வரனுக்கு உள்ளதுதான். இவன நான் கோயில் முனை வரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போறேனே, அது வேண்டுதல்ல சேராதா?"

சேரும் ஆன்டி என்றேன். எனக்கு என்ன தெரியும், ஆனால் சொன்னேன். வீடு வரும்வரை எனக்கும் நடையா ஓட்டமா என்றே தெரியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஜூலை 19, சனி
ஆன்டி இலை இல்லாமல் வந்தார். கோப்பி இரண்டு கையையும் மோந்தான், பின்னால் எட்டிப் பார்த்தான், கிரில் கம்பியை நக்கினான். ஆன்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கயிற்றைப் பிடித்தார். மதில்மேல் காக்காய் எள்ளுச்சாதம் தின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் நகர்ந்தான்.

தயிர்ச்சாத ஆன்டிகளையும் அவரே விரட்டினார். "யாரும் போடக்கூடாது. போட்டீங்கன்னா அவன் காலுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்." இனி எனக்கு இந்தச் சந்தில் வேலையே இல்லை.

ஆகஸ்டு 4, திங்கள்
எடை இறங்குகிறது. நன்றாகவே இறங்கியிருக்கிறது. கிளினிக்கில் நான் சந்தோஷத்தில் குதித்ததில் செருப்பு வார் அறுந்தது. ரவி லோரி ஓட்டும்போது போன் எடுக்கமாட்டார், அதனால் வாய்ஸ் மெசேஜ், மூன்று. கால் இன்னும் தூக்கித்தான் இருக்கிறது. டாக்டர் பொறுக்கச் சொல்கிறார்.

தினேசுக்கு ஒன்றும் அமையவில்லை. ஆன்டி நடையை விடவில்லை. சனி மட்டும் என்று ஆரம்பித்தது, இப்போது தினமும்.

ஆகஸ்டு 25, திங்கள்
ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா, இன்று தெரிய வேண்டும். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. மழை. ஆன்டியும் காரில் ஏறிக்கொண்டார். கோப்பி நெற்றியில் திருநீறு, நக்கி நக்கிப் பாதிதான் மிச்சம்.

தராசில் ஏற்றினோம். ஷாமினி குனிந்தாள், ரவி குனிந்தார், டாக்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். நானும் நம்பர் நிற்கும் வரை மூச்சு விடவில்லை. ஆன்டி நம்பரையே பார்க்கவில்லை. கயிற்றைப் பிடித்தபடி கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு காலும் கீழ இருக்கு மா" என்றார்.