ஐந்து இடத்தில் இருமல்

அன்புள்ள அப்பாவுக்கு,

புனேயில் நான் நலம். வேங்கிக்காலில் நீங்களும் அம்மாவும் சௌக்கியந்தானே?

பேச்சைக் கேட்டு எழுதும் வேலை என்பதால், ஆபீஸ் கம்ப்யூட்டரில் எந்த ஆடியோவைத் தொட்டாலும் அதை எழுத்தாக்கும் மென்பொருள்தான் திறக்கும். நேற்று நீங்கள் பேசி அனுப்பிய ஆடியோவும் அப்படித்தான் திறந்தது. “சாப்ட்டியாம்மா? இங்க ஒண்ணும் கொறையில்ல” என்பதற்குள் ஐந்து இடத்தில் ‘இருமல்’ என்று போட்டிருந்தது.

பக்கத்து சீட் தேவிப்ரியா படித்துவிட்டு, “அப்பாக்கு ஒடம்பு சரியில்லையாடி?” என்றாள்.

இனி ஆடியோ எல்லாம் பிளேயரில் திறக்கும்படி செட்டிங்கை மாற்றிவிட்டுக் கேட்டேன். இருமல் நிஜந்தான்.

பௌர்ணமிக்கு முன்பே டாக்டரைப் பாருங்கள். அப்புறம் கிரிவலக் கூட்டத்தில் திருவண்ணாமலை டவுனுக்குள் நுழைய முடியாது. அடுத்த முறை நீளமாகப் பேசி அனுப்புங்கள். பின்னால் குக்கர் விசில் அடித்தாலும் நிறுத்த வேண்டாம்.

மேனேஜர் கூப்பிடுகிறார்.

அக்ஷயா