வேண்டாம் என்று சொல்லும் போர்டு

ஜூன் 3

இன்று முழுக்க கட்டைவிரல் பருமன் செல்களை அடுக்கி, நிக்கல் பட்டை வைத்து ஒட்டினேன். வருடக்கணக்காகச் சக்கர நாற்காலிகளுக்கு பேட்டரி கட்டியும் அலுக்கவில்லை. செல்லுக்குள் லித்தியம் அயனிகள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும். சார்ஜ் போட்டால் திரும்பி வரும். நடுவில் முடியைவிட மெல்லிய ஒரு தாள். அயனிகளுக்கு அதில் வழி உண்டு, எலக்ட்ரான்களுக்குக் கிடையாது. அவை வெளியே கம்பி வழியாகச் சுற்றித்தான் போயாக வேண்டும். அந்தச் சுற்றலில்தான் மோட்டார் ஓடுகிறது, என் தம்பி நாற்காலியில் வேலைக்குப் போகிறான். யார் யோசித்தார்களோ, மகா கெட்டிக்காரர்கள்.

ஜூன் 5

தம்பியின் நாற்காலி நடுச்சாலையில் நின்றுவிட்டது. புது வேலையில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பின்னால் ஒரே ஹாரன். யாரோ லாரி டிரைவர் இறங்கி ஓரமாகத் தள்ளிவிட்டாராம். வந்தவன் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்: "நீ கட்டின பேட்டரிதானேக்கா."

சுருக்கென்றது.

ஜூன் 6

பட்டறையில் பிரித்துப் பார்த்தேன். ஏழு வரிசைச் செல்களில் ஆறு வரிசை நன்றாக இருக்கின்றன. ஒன்று மட்டும் வடிந்து கிடக்கிறது. அதைப் பார்த்துத்தான் பேட்டரிக்குக் காவலாக வைத்திருக்கும் சர்க்யூட் போர்டு மின்சாரத்தை வெட்டியிருக்கிறது. உள்ளங்கை அகலம்கூட இல்லை, ஆனால் ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியாகக் கவனிக்கிறது. அளவுக்குக் கீழே இறங்கினாலும், அளவுக்கு மேல் நிரம்பினாலும், சூடேறினாலும் வேண்டாம் என்று சொல்லிவிடும். தாட்சண்யமே கிடையாது.

தம்பிக்கு இதெல்லாம் வேப்பங்காய். "ஆறு நல்லாத்தானே இருக்கு? ஒண்ணுக்காக நான் நடுரோட்டுல நிக்கணுமா? போர்டைத் தூக்கிட்டு நேரா மோட்டாருக்குக் கொடுத்துடு."

ஜூன் 7

தம்பி என்னோடு பேசவில்லை. வேலைக்கும் போகவில்லை.

ஜூன் 8

வேலை போய்விடும் என்கிறான். போனாலும் போகும். மதியம் சால்டரிங் அயர்னைச் சூடாக்கிவிட்டேன். போர்டை விட்டு இரண்டு கம்பியை மாற்றிப் பற்றவைத்தால் நாற்காலி ஓடும். பக்கத்து மேசையில் செல்களைச் சோதனை பார்ப்பவள் எட்டிப் பார்த்தாள். "ஓடும்டி. ராத்திரி அதை எங்க நிறுத்துவான்?"

கட்டிலுக்குப் பக்கத்தில். வேறெங்கே?

கை நின்றுவிட்டது. போர்டு இல்லாமல் அடியோடு வடியவிட்டால் செல்லுக்குள் இருக்கும் செம்புத் தகடு கரையும். மறுபடி சார்ஜ் போடும்போது அந்தச் செம்பு கண்ட இடத்தில் படிந்து நடுவில் இருக்கும் தாளைத் துளைக்கும். எலக்ட்ரான்களுக்குக் குறுக்கு வழி கிடைத்துவிடும். ஒரு செல் கொதித்தால் அடுத்ததும் கொதிக்கும், அப்புறம் தீ. நான் எழுந்து ஓடிவிடுவேன். அவன்? நாற்காலியே எரியும்போது எதில் ஏறி வெளியே வருவான்?

அயர்னை அணைத்தேன்.

சாயங்காலம் இதை அப்படியே அவனிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டான். பிறகு, "நின்னதுகூட பரவால்லக்கா. ஒரு வார்த்தை சொல்லாம நின்னுச்சே, அதான்."

அடப்பாவி. எனக்கு ஏன் இது உறைக்கவே இல்லை? போர்டை மெச்சிக்கொண்டே இருந்தேன். மேலே உட்கார்ந்திருப்பவனுக்கு எப்படி இருக்கும் என்று யோசிக்கவில்லை.

ஜூன் 11

பழைய செல்லும் புது செல்லும் ஒத்துப்போகாது. அதனால் மொத்தத்தையும் மாற்றினேன். சோதனைக்காரி ஒவ்வொரு செல்லாக அளந்து, ஒரே மாதிரி இருப்பவற்றைப் பொறுக்கித் தந்தாள். கூடவே நான் ஒரு பஸ்ஸர் பொருத்தினேன். எந்த வரிசை இறங்கத் தொடங்கினாலும் முதலில் அது கத்தும், அப்புறம் வேகம் குறையும். வெட்டுவது கடைசியில்தான். தம்பி கேட்டுப் பார்த்துவிட்டு, "அப்படியே உன் குரல்க்கா" என்றான்.

போடா.

பேட்டரியைக் கழற்றி, கட்டிலையும் வாசலையும் விட்டுத் தள்ளி வைத்து, விழித்திருக்கும்போதுதான் சார்ஜ் போட வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். தலையாட்டினான்.

ஜூன் 12

வேலைக்குப் போனான்.

ஜூன் 19

இனி எல்லா நாற்காலிக்கும் பஸ்ஸர் வைக்கச் சொல்லிவிட்டார் முதலாளியம்மா. யாருடைய யோசனை என்று கேட்டார். என் தம்பியுடையது என்றேன். எவ்வளவு பெருமையாக இருந்தது!

ஜூன் 30

பொழுது சாய்ந்தும் தம்பி வரவில்லை. தேடிப் போகலாம் என்று கதவைப் பூட்டும்போது போன். "பஸ்ஸர் கத்திடுச்சுக்கா. மருந்துக்கடைல கேட்டு, பேட்டரியைக் கழட்டி சார்ஜ் போட்டிருக்கேன். கடைக்காரரோட பேசிட்டிருக்கேன், வர லேட்டாகும். நீ கிளம்பி வராத."

பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. சரி என்று வைத்துவிட்டேன். செருப்பைக் கழற்றி உள்ளே வந்து, எனக்கு மட்டும் தட்டு எடுத்துப் போட்டுச் சாப்பிட்டேன்.