தீயைப் பார்க்காத உடுப்பு

ஏனுங்க,

உங்களை எழுத்தில் இப்படிக் கூப்பிடுவது இதுவே முதல் தடவை. இன்று காலை வாய்ப்புண்ணுக்காகப் பெருமாநல்லூர் சாலையில் இருக்கும் நாட்டு மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் காகிதத்தில் மடித்துக் கொடுத்த வெங்காரத்தை வீட்டுக்கு வந்து பிரித்தேன். அந்த வெள்ளைக் கட்டியைப் பார்த்ததும் மருந்தை மறந்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வாய்ப்புண் அப்படியே இருக்கிறது. உங்களோடு பேசிவிட்டுப் போட்டுக்கொள்கிறேன்.

நம் கல்யாணம் பேசியபோது, மாப்பிள்ளைக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி இருக்கிறது, தோட்டம் இருக்கிறது, சிகரெட் பழக்கம்கூடக் கிடையாது என்றெல்லாம் சொன்னார்கள். வருடம் தவறாமல் சென்னைக்குப் பக்கத்தில் ஒரு பழைய விமான ஓடுதளத்துக்குப் போய்க் கார்ப் பந்தயம் ஓட்டுவார் என்பதைப் பற்றி மட்டும் ஒருவரும் மூச்சு விடவில்லை. தாலி ஏறிய பிறகு நீங்களே சொன்னீர்கள், லேசாகச் சளி பிடித்திருக்கிறது என்பது போல. "எல்லாத்துக்கும் ஒரு கிறுக்கு இருக்குமல்ல கண்ணு, எனக்கு இது." நானும் சிரித்துவிட்டேன். அடுத்த பந்தயத்துக்குக் கூடவே வந்து பார்த்தபோதுதான் சிரிப்பு நின்றது.

வளைவுகளில் வைக்கோல் கட்டும் காலி எண்ணெய் டிரம்மும்தான் காவல். ஒரு கயிற்றுக்கு இந்தப் பக்கம் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் கடலை கொறித்துக்கொண்டு நின்றார்கள். ஓட்டுகிறவர்களுக்குச் சீட்டோடு கட்டிக்கொள்ளும் பட்டை கிடையாது. தலையில் ஒரு கவசம், மேலே மிடுக்காக ஒரு சட்டை, அவ்வளவுதான். உங்களுக்கு முன்னால் போன வண்டி வழுக்கி டிரம்மில் மோதித் தீப்பிடித்தது. வைக்கோலும் சேர்ந்து எரிந்தது. நீங்கள் உங்கள் வண்டியை நிறுத்திவிட்டு ஓடினீர்கள். அந்த மனிதரை வெளியே இழுத்தவர்களில் நீங்களும் ஒருவர். அவர் போட்டிருந்த நைலான் சட்டை உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. உயிர் பிழைத்தார் என்று பிறகு கேள்விப்பட்டோம். கைகள் மட்டும் பழையபடி மடங்கவே இல்லையாம்.

திரும்பும் வழியில் அவிநாசிக் கோபுரம் தெரிந்த பிறகுதான் பேசினீர்கள். "துணியப் பிரிக்க முடியல கண்ணு. துணி வெச்சுப் பொழைக்கறவன் நானு. ஒரு சட்டயப் பிரிக்க முடியலயே."

இனி ஓட்ட வேண்டாம் என்று சொன்னேன். "உன்ற பேச்சு நாயந்தான். ஆனா இப்ப பயந்துட்டு உட்டா, அந்தப் பயம் சாகற மட்டும் கூடவே வருமே" என்றீர்கள். எனக்கு வந்த கோபத்தில் கொஞ்ச நாள் ரசத்துக்கு உப்பே போடவில்லை. நீங்களும் அதை அப்படியே குடித்துவிட்டுப் போனீர்கள். உங்கள் பிடிவாதம் என்னுடையதைவிடப் பெரிது என்று தெரிந்துகொண்டேன். சரி, உங்களை நிறுத்த முடியாது, முழுசாக வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரவாவது வேண்டும் என்று நினைத்தேன். அன்றிலிருந்து எனக்கு இருந்த பந்தயம் அது ஒன்றுதான்.

நீங்கள் வாங்கும் ஆங்கிலப் பத்திரிகையில், வெளிநாட்டில் பந்தயம் ஓட்டுகிறவர்கள் பருத்தி உடுப்பைத் தீப்பிடிக்காமலிருக்கப் போராக்ஸ் கரைத்த தண்ணீரில் தோய்த்து உலர்த்திப் போடுகிறார்கள் என்று இருந்தது. போராக்ஸ் என்றால் நம் வெங்காரம்தான் என்று மருந்துக் கடைக்காரர் சொன்னார். நம் கம்பெனியிலேயே கனமான பருத்திப் பனியன் துணியை மெஷினில் பின்னி, அதை இரண்டு மடிப்பாக வைத்து, கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே உடுப்பாகத் தைத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, "பொதி மூட்டையாட்டம் இருக்கறன்" என்றீர்கள். அண்டாவில் வெங்காரத் தண்ணீர் காய்ச்சி உடுப்பைத் தோய்த்தோம். காய்ந்ததும் அப்பளம் போல மொடமொடத்தது, மேலெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. அதே தண்ணீரில் தோய்த்த ஒரு துண்டுத் துணியில் நெருப்பை வைத்தீர்கள். கருகி, தானாக அணைந்தது. குழந்தை மாதிரி இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கொளுத்திக்கொண்டே இருந்தீர்கள்.

பந்தய நாள் காலையில் மைதானத்தில் பையைத் திறந்து உடுப்பை எடுத்தபோது என் கைக்குத்தான் முதலில் தெரிந்தது. மெத்தென்று, வெயிலில் காய்ந்த வாசத்தோடு இருந்தது. அத்தை பையைக் கட்டிக் கொடுக்கும்போது, "துணியெல்லாம் நல்லா அலசி வெச்சிருக்கறேன் சாமி" என்று சொன்னதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பனியன் தொழில் செய்கிற வீட்டில் துணியில் உப்புப் பூத்திருந்தால், வெளுத்துவிட்டுச் சரியாக அலசவில்லை என்றுதானே அர்த்தம்? உங்கள் அம்மா அதைப் பொறுத்துக்கொள்வாரா? நொய்யல் ஆற்றுக்கு எடுத்துப் போய் உப்புப் பூவெல்லாம் போகும்வரை அலசி, காயவைத்து, தேய்த்தும் மடித்திருந்தார்.

நீங்கள் உள்தையலில் ஒரு துணுக்கு வெட்டித் தீக்குச்சியைக் காட்டினீர்கள். குப்பென்று பிடித்து விரல்வரை வந்தது. விரலைச் சுடுமுன் உதறி எறிந்தீர்கள்.

கூட வந்திருந்த மெக்கானிக் ரங்கசாமிக்குப் பொறுக்கவில்லை. "இத்தன வருசம் எதப் போட்டுட்டு ஓட்டுனீங்க மொதலாளி? இன்னைக்கு ஒரு நாளைக்கு ஓட்டிட்டு வாங்க. எஞ்சின் பாடுதுங்க!" என்றார். வண்டிகளை வரிசைக்குக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

"நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டனுங்க. இப்ப எரிஞ்சதப் பாத்தீங்கல்ல, நீங்களே சொல்லுங்க" என்றேன். தைரியமாகச் சொன்னதாக நீங்கள் பிற்காலத்தில் எல்லோரிடமும் பெருமை பேசுவீர்கள். தைரியமெல்லாம் இல்லை, பயத்தில் சொன்னது.

"வண்டிய ஓரங்கட்டு ரங்கசாமி" என்றீர்கள்.

பனியன் சரியில்லை என்று பந்தயத்தை விட்ட ஒரே ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். மற்ற ஓட்டுகிறவர்கள் சிரித்தார்கள். ரங்கசாமி அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. உங்களுக்கோ சும்மா உட்காரவும் முடியவில்லை. வளைவுக்குப் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பின்னால் தள்ள ஆரம்பித்தீர்கள். "தள்ளி நில்லுங்க, உங்க ஊட்டுல உங்களத் தேடுவாங்க" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. அன்றைக்கு எனக்கு உங்கள்மேல் வந்த ஆசையைச் சொன்னால் இந்த வயதில் சிரிப்பார்கள்.

வீட்டில் அத்தை கேட்டார், "துணி நல்லா இருந்துதா சாமி?"

"பஞ்சாட்டம் இருந்துதுங்கம்மா. கார்புரேட்டர்தான் மக்கர் பண்ணிப்போடுச்சு" என்றீர்கள். அம்மாவின் மனம் நோகக் கூடாது என்று அந்தக் கார்புரேட்டரைக் கடைசிவரை நீங்கள் திட்டினீர்கள். அடுத்த வருடம் மறுபடி தோய்த்த உடுப்பை என்ன செய்வது என்று நான் விழித்தபோது, அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். "மந்திரிச்ச துணிங்கம்மா, தண்ணி பட்டாப் பலிக்காது" என்று சொல்லிவிட்டீர்கள். அதன்பிறகு அத்தை அதைத் தொடவே இல்லை. கிளம்பும்போது தோள்பட்டையில் கொஞ்சம் திருநீறு மட்டும் தூவுவார்.

அதன் பிறகும் சில வருடங்கள் ஓட்டினீர்கள். ஒரு தடவை ஜெயித்தீர்கள், இரண்டு தடவை வைக்கோலுக்குள் போய் நின்றீர்கள். தீ மட்டும் வரவே இல்லை. "உன்ற துணி நெசமாலுமே காப்பாத்துமான்னு தெரியாமயே போச்சே" என்று கேலி செய்வீர்கள். தெரியாமலே போகட்டுமுங்க என்பேன். மகன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருடம், யாரும் சொல்லாமலே நிறுத்தினீர்கள். பயந்து அல்ல, போதும் என்று. அந்த வித்தியாசத்துக்காகத்தான் அத்தனை பாடுபட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

நீங்கள் போன அன்று, எல்லோரும் வருவதற்கு முன் கொஞ்ச நேரம் என்னை உங்களோடு தனியாக விடச் சொன்னேன். அழுவதற்காக என்று மகள்கள் நினைத்திருப்பார்கள். ஈரத் துணியால் உங்கள் முதுகு, தோள், கைகள் எல்லாவற்றையும் நானே துடைத்தேன். வயதில் தோல் சுருங்கியிருந்தது, அங்கங்கே மச்சம் கூடியிருந்தது. விரல் விரலாகப் பார்த்தேன். ஒரு தீக்காயம் இல்லை. மகன் வைக்கப்போகும் நெருப்புதான் உங்களைத் தொடப்போகும் முதல் நெருப்பு. அதுவரை உங்களை அதனிடம் நான் விடவில்லை. அந்தத் தோலின் பதம் என் உள்ளங்கையில் இன்னும் இருக்கிறது.