எண்ணெய் என்று நீங்கள் சொன்னது

மேஸ்திரி,

நேற்று மத்தியானம் என் மகள், பள்ளிக்கூடப் பாவாடையில் ஒட்டிய தாரை எடுக்கப் பழந்துணியைப் பெட்ரோலில் நனைத்துக்கொண்டு அடுப்படிக்குள் வந்தாள். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் ஓடி வந்துவிட்டார்கள். துணியைப் பிடுங்கித் தெருவில் எறிந்துவிட்டு, மகளின் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். "ஒரு துணிக்கா இம்புட்டுப் பயம்?" என்று கேட்டாள். உங்களை ஆவூர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்த சேதி அதற்கு முந்தின நாள்தான் எனக்கு வந்திருந்தது.

புதுக்கோட்டை டாக்டர் வீட்டுக் கார் கொட்டகைக்கு நீங்கள் தரை போட வந்தபோது, நான் மலாயாவிலிருந்து திரும்பி அங்கே டிரைவராகச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஒழுகிய ஆயிலும் புழுதியும் சேர்ந்து மண் தரை சேறாகக் கிடந்தது. வெறும் சிமெண்ட் போதும், கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால்தான் வண்டிக்கு நல்லது என்று சொல்லிப் பார்த்தீர்கள். டாக்டருக்கோ கூடத்தில் இருப்பது போல வழவழவென்று சிவப்புத் தரைதான் வேண்டும். "சரிங்க. ஆனா பத்து நாளு தண்ணி கட்டி நிக்கணும். அதுக்குள்ள வண்டிய ஏத்துனா டயர்ச் சூட்டுக்குத் தோலு உரிஞ்சு வந்துரும்" என்றீர்கள். பத்து நாளும் கார் வேப்பமரத்தடியில் நின்றது. காக்கை எச்சம் துடைத்தே எனக்குத் தோள் கழன்றது.

வேலை முடிந்த அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டீர்கள். "டிரைவரே, ஆயிலு சொட்டுனா ஒடனே உமியப் போட்டுக் கூட்டிருங்க. வாரத்துக்கு ஒருக்க எண்ணெய் தொட்டுத் தொடைங்க. கண்ணாடியா நிக்கும்."

நீங்கள் சொன்னது தேங்காயெண்ணெயை. மலாயாவில் பத்து வருஷம் வண்டி ஓட்டியவனுக்கு, கார் நிற்கிற இடத்தில் எண்ணெய் என்றால் பெட்ரோல்தான். அங்கே 'எண்ணெய் போட்டாச்சா?' என்று கேட்டால் பெட்ரோல் போட்டாச்சா என்று அர்த்தம். வாராவாரம் அதையே தொட்டுத் துடைத்தேன். ஆயில் கறை மாயமாய்ப் போயிற்று. தரை மட்டும் நாளுக்கு நாள் வெளுத்தது. போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். என் புத்தி அவ்வளவுதான்.

ஆயுத பூஜை அன்று காலையில் அரை டின் ஊற்றித் தேய்த்துவிட்டு, புழுதி படியாமலிருக்கக் கதவை அடைத்து வைத்தேன். பூஜை நேரத்துக்குத் திறந்ததும் என் மூன்று வயது மகள் உள்ளே ஓடி, மாலை போட்ட காருக்கு முன்னால் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டாள். டாக்டரும் வீட்டம்மாவும் என் மனைவியும் வாசலில் நின்றார்கள். நான் வெளியிலேயே சூடத்தைக் கொளுத்தித் தட்டோடு வாசற்படிக்கு வந்தேன். பொரி வாங்கிப் போக வந்திருந்த நீங்கள் மூக்கை உறிஞ்சியபடி குறுக்கே வந்து நின்றீர்கள்.

"எதப் போட்டுத் தொடைச்சீங்க?"

"நீங்க சொன்ன எண்ணெய்தான். பெட்ரோலு."

வீட்டம்மா அடித்த மணிச் சத்தத்தில் அது வேறு யாருக்கும் கேட்கவில்லை. நீங்கள் வலது உள்ளங்கையை எரிகிற சூடத்தின் மேல் வைத்து அழுத்தினீர்கள். தோல் பொசுங்குகிற வாடை வந்தது. "மொதல்ல புள்ளைய வெளிய தூக்குங்க" என்றீர்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்னும் ஓரடி எடுத்து வைத்திருந்தால்! மகளைத் தூக்கி வந்தேன்.

பெட்ரோல் வாடை கார் கொட்டகையில் யாருக்கும் புதிதில்லை; மற்றவர்கள் கண்டது ஒன்றே ஒன்றுதான். சர்ச்சுக்குப் போகிற ஒரு வேதக்காரர் பூஜைச் சூடத்தைக் கையால் அவித்துவிட்டார். வீட்டம்மா அபசகுனம் என்று அழுதார். "உன்னை உள்ள விட்டதே தப்பு. இனி இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காதே!" என்று டாக்டர் கத்தினார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை போகும், மலாயாவுக்குத் திரும்பவும் வழியில்லை, பெண்டாட்டி பிள்ளையோடு எங்கே போய் நிற்பேன்? மகளின் சட்டைத் தூசியைத் தட்டிக்கொண்டு நின்றேன். துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு நீங்கள் போய்விட்டீர்கள். அப்புறம் அந்தத் தெருவில் உங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

பிறகு தேங்காயெண்ணெய் தொட்டுத்தான் துடைத்தேன். தரை திரும்பச் சிவந்து மினுங்கியது. பாராட்டு எனக்குக் கிடைத்தது. உங்களைச் சந்தையில் கண்டால் பஸ்ஸுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். மகளுக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம் என் மனைவி, "அன்னைக்குச் சூடத்த அவிச்சாருல்ல, அதான்" என்பாள். அதையும் கேட்டுக்கொண்டு இருந்தேன். தொடைநடுங்கி என்று வைய நீங்கள்கூட வரவில்லை.

நேற்று மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். நாளைக்கு டாக்டரிடமும் சொல்லப்போகிறேன். இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது.

மகள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவுக கை ஆறிருச்சாப்பா?"

பதினோரு வருஷமாயிற்று, மேஸ்திரி. எனக்குத் தெரியவில்லை.